பதினொரு டிகிரி

என் வாயில் மிச்சமிருக்கிற நாலு பல்லின் மேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் அந்த நாலும் வெற்றிலைச் சக்கையோடு இப்பவே உங்கள் காலடியில் விழட்டும். ஒருத்தன் மனசுக்குள்ளே ஓடினது உமக்கு எப்படி ஓய் தெரியும் என்பீர்கள். முக்கால் மணி நேரம் ஒரு மனுஷன் வாய் திறக்காமல் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவன் முகத்திலேயே எல்லாம் ஓடும். பார்க்கிறவன் இமைக்காமல் பார்த்தால் போதும். விட்டுப்போன இடங்களைப் பின்னால் அவனே சொல்லி நிரப்பினான். அவன் பேர் முப்பிடாதி. சங்கரன்கோவில் ரத வீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறவன். மூக்குக் கோணலா, கம்ப்யூட்டரில் நிமிர்த்திவிடுவான். மாறுகண்ணா, கருவிழியைத் தூக்கி நடுவில் வைப்பான். எருமை மாட்டுக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்துக் கொடுத்தானென்றால் அது விமான நிலையத்தில் சல்யூட் வாங்கிக்கொண்டு போகும். செத்துப்போன ஒரு ஆளுக்குக் கண்ணைத் திறந்து, கோட்டு மாட்டி, உதட்டோரம் ஒரு சிரிப்பும் வைத்துக் கொடுத்ததில், அந்த ஆள் பெண்சாதி பதினாறாம் நாள் படத்தைப் பார்த்துவிட்டு, 'உயிரோட இருக்கையில இந்த மனுஷன் ஒரு நாளாவது என்னப் பாத்து இப்படிச் சிரிச்சிருக்காரா' என்று புதுசாக அழ ஆரம்பித்தாள். அப்பேர்ப்பட்ட கை. அந்தக் கைதான் அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஸ்கேன் அறை வாசலில், ஒரு ஜோடிக் கொலுசையும் ஒரு தாயத்தையும் இரண்டு ஹேர்பின்னையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தது.

டக். டக். டக். டக். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தகரத்தை அறைகிற மாதிரி. நின்றது. நின்றால் முடிந்ததென்று அர்த்தமா, இல்லை, கெட்டுப்போனதென்று அர்த்தமா. இப்போது வேறு மாதிரி, ட்ரீஈஈ என்று, வெல்டிங் பட்டறைச் சத்தம். அதற்குள்ளே கோமு படுத்திருக்கிறாள். ஏழு வயசு. கொலுசு இல்லாமல் அவளை அவன் பார்த்ததே இல்லை. கொலுசைக் கழற்றியதும் பிள்ளை சத்தமில்லாத பிள்ளையாகிவிட்டாள், நடந்து போனபோது யாரோ வேறு வீட்டுப் பிள்ளை போகிற மாதிரி இருந்தது. இரும்பு எதுவும் உள்ளே போகக்கூடாதாம், காந்தம் இழுத்துவிடுமாம். பக்கத்து நாற்காலியில் முட்டிக்கு ஸ்கேன் எடுக்க வந்திருந்த ஒரு கிழவன், அவள் உள்ளே போவதற்கு முன்னால் அவளைப் பார்த்துச் சொன்னான்: "தாயி, போன தடவை நான் உள்ள போகையில வாயில ஏழு பல் இருந்துச்சு. மூணு பல்லுக்கு இரும்புப் பூண் போட்டிருந்தேன். விர்ருனு பறந்து போயி மிஷின்ல ஒட்டிக்கிட்டு. இன்னும் அங்கதான் இருக்கு, போனா விசாரிச்சுட்டு வா." கோமு பயந்து அப்பன் கையைப் பிடித்தாள். "எம் பல்லும் போயிருமா தாத்தா?" "ஒனக்குத்தான் முன்னாடியே ரெண்டு போயிட்டே, மிஷினுக்கு என்னத்தக் குடுக்கப் போற." அவள் சிரித்தாள், பொக்கை வாயும் பொக்கை வாயும் எதிரெதிரே. தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். வலது பக்கம். எப்போதும் வலது பக்கம். முப்பிடாதிக்கு அந்தக் கிழவனை அறையலாம் போல இருந்தது. அப்புறம் கும்பிடலாம் போலவும் இருந்தது.

இதுவும் போட்டோதான் தாயி, என்று சொல்லித்தான் அவளை வாசல்வரை கூட்டிப்போனான். தலைக்குள்ள எடுக்கிற போட்டோ. ஆடாம இருக்கணும், நம்ம கடையில இருப்பியே, அது மாதிரி. அவள் யோசித்தாள். யோசித்துவிட்டுக் கேட்டாள். என்ன கேட்டாள். வேண்டாம், அதை நினைக்கவேண்டாம். சுவரில் போர்டு இருக்கிறது, அதைப் படிக்கலாம், கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும், இதயத்தில் கருவி பொருத்தியவர்கள் தெரிவிக்கவும், தெரிவிக்கவும், தெரிவிக்கவும், இந்த ஆஸ்பத்திரிக்கு எல்லாவற்றையும் தெரிவிக்கவேண்டும். "இதையும் நீ நேராக்கிருவியாப்பா?" அதுதான் கேட்டாள். கேட்டேவிட்டாள். அவன் "ம்" என்றான். அவளுக்கு எல்லாம் தெரியும், கடையில் ஸ்டூலைப் போட்டு அவன் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவள்தானே. போன ஜூன் மாசம், பள்ளிக்கூடம் திறந்த வாரம், இரண்டாம் வகுப்பு அடையாள அட்டைக்கு அறுபத்துமூன்று பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து எடுத்தான். தாடையை இறக்கு, தலை நேரா, கண்ணச் சிமிட்டாத, அடுத்து. தலை நேரா, அடுத்து. இருபது வருசமாக வாய் தானாகச் சொல்கிற மந்திரம். தன் பிள்ளை வந்து உட்கார்ந்தபோதும் சொன்னான். நேராத்தானப்பா வச்சிருக்கேன் என்றாள். இல்லட்டி, சாஞ்சிருக்கு. இல்லப்பா, நேராத்தான் இருக்கு. பின்னால் வரிசை நிற்கிறது, டீச்சரம்மா கடிகாரத்தைப் பார்க்கிறாள். சரி போ, நான் பாத்துக்கிடுதேன். பார்த்துக்கொண்டான். அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரில் அவள் தலையைக் கழுத்தோடு வளைத்துக் கோடு போட்டு எடுத்து, திருப்பி, காலரோடு சேர்த்து ஒட்டினான். திருப்புவதற்கு ஒரு கட்டத்தில் எண் அடிக்க வேண்டும். நாலு அடித்தான். நாலு டிகிரி. அவள் பக்கத்திலிருந்து கைதட்டினாள், "எந் தலைய வெட்டி ஒட்டிட்டான் எங்கப்பன்!" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி.

நாலு. நாலெல்லாம் ஒரு சாய்வா. ஊரில் பாதிப் பேர் நாலு டிகிரிதான். மாப்பிள்ளைப் படத்துக்கு வருகிறவன் எல்லாம் நாலு டிகிரி சாய்ந்துதான் உட்காருகிறான், அழகென்று நினைத்து. டக் டக் டக் டக், நாலு நாலாக அடிக்கிறது அந்த மிஷின், அதற்கு எப்படித் தெரிந்தது. அப்புறம் ஆடிச்சுற்று. ஆடித் திருவிழாவுக்குக் கொடியேறின அன்றைக்கு வடிவு நூற்றெட்டுச் சுற்று கோவிலைச் சுற்றுவாள், அவன் மனைவி சண்முகவடிவு, கல்யாணமானதிலிருந்து ஒரு வருசமும் தவறினதில்லை. கோமுவும் கூடப் போனாள், அம்மாவுக்கு எத்தனை சுற்று ஆயிற்றென்று எண்ணிச் சொல்ல. பன்னிரண்டாம் சுற்றில் விழுந்தாள். இருபதில் மறுபடி. கல்லும் இல்லை, முள்ளும் இல்லை, சமதரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோய்ச் சுவரில் மோதினாள். கூட வந்த பொம்பளைகள் சிரித்தார்கள், "என்னட்டி, காலைலயே போட்டுட்டு வந்துட்டியா?" கோமுவும் சிரித்தாள். வீட்டில் வந்து எல்லாரும் சிரித்தார்கள். அவன்தான் சத்தமாகச் சிரித்தான். பிறகு காலையில் வாந்தி. எழுந்ததும் வாந்தி, எடுத்த பத்தாவது நிமிசம் தெளிந்து விளையாடப் போய்விடுவாள். அதனால்தான் நம்பவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்று வடிவு நினைத்தாள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். கோமதியம்மன் சன்னிதிக்கு முன்னால், நோய் தீர உட்காருகிற குழிக்குள் உட்காரவைத்தார்கள். புற்றுமண்ணைக் குழைத்து நெற்றியில் பூசினார்கள். ஒரு நாள் சீருடையெல்லாம் வாந்தி, பஸ் ஹாரன் அடிக்கிறது, வடிவு முதுகில் ஒன்று வைத்தாள். ஒன்றுதான். அந்த ஒன்றை இப்போது எதிர் வரிசையில் உட்கார்ந்து மறுபடி மறுபடி தன் தொடையில் வைத்துக்கொண்டிருக்கிறாள், கையை மூடி, மெல்ல, மிஷின் சத்தத்தோடு.

தீபாவளிக்கு ஏழு. புதுப் பட்டுப்பாவாடை, பின்னால் மலையும் அருவியும் உள்ள திரை, அவன் கடையிலேயே ஒசத்தியான திரை. அந்தப் படத்தை எடுத்த அன்றைக்குத் திருப்ப வேண்டிய கட்டத்தில் கை தானாக நாலு அடித்தது, பார்த்தால் போதவில்லை. ஐந்து. போதவில்லை. ஏழு என்றதும் நேராயிற்று. அப்போது ஒரு நொடி, சத்தியமாக ஒரே ஒரு நொடி, பழைய நாலை நினைத்துப் பார்த்தான். லைட்டு ஸ்டாண்டு ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும் என்று எழுந்து போய் லைட்டை நிமிர்த்திவிட்டு வந்தான். லைட்டை! அந்த வாரம்தான் வடிவு சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏங்க, பிள்ளை தலையச் சாச்சு வைக்கா மாதிரி இருக்கே, பாத்தியளா?" இவன் என்ன செய்தான். எழுந்தான். எச்சில் கையோடு எழுந்து, சுவரில் மாட்டியிருந்த தீபாவளிப் படத்தை இடது கையால் கழற்றிக்கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். "எங்க சாயுது? எங்க சாயுதுங்கேன்? கண்ணத் தொறந்து பாரு. தலை தராசு முள்ளு மாதிரி நிக்கி." அவள் பார்த்தாள். படத்தில் பிள்ளை நேராகத்தான் இருந்தாள். "ஆமா, எனக்குத்தான் கிறுக்கு" என்று ரசத்தை ஊற்றினாள். ரசத்தை ஊற்றினாள், இவன் சாப்பிட்டான், மல்லித்தழை வாசம்கூட இப்போது மூக்கில் வருகிறது. பொய் சொன்னானா? இல்லையே, நிஜமாகவே நம்பினான். தான் ஒட்டின தலையைத் தானே நம்பினான். செத்தவன் சிரிக்கிற படத்தைக் கொடுத்தானே, அந்தப் பொம்பளை அதை வைத்துக்கொண்டு நாளடைவில் புருசன் அப்படித்தான் சிரிப்பான் என்று ஊருக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்கு அவளைப் பற்றி எத்தனை கேலி.

பொங்கலுக்குப் பதினொன்று. பதினொன்று அடித்தபோது கை நின்றது. ஒன்றும் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு குச்சி மாதிரி, நேராக நின்றன அந்த எண்கள், பிள்ளைதான் நேராக இல்லை. என்டரைத் தட்டாமல் எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தான்? அப்போது தெரியும் அவனுக்கு. தெரியாது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தாலும் அப்போது தெரியும், எது என்று தெரியாவிட்டாலும் ஏதோ என்று தெரியும். ஆனால் கரும்பு வாங்கப் போகவேண்டியிருந்தது, கல்யாணப் படக்காரர்கள் வாசலில் நின்றார்கள், என்டரைத் தட்டினான். தலை நேரா, அடுத்து. பிறகு மாசியில் பிள்ளை, அப்பா நீ ரெண்டு ரெண்டா தெரியுதே என்றாள். கண்ணாடி போட்டால் சரியாகும் என்று கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு சின்னப் பெண் டாக்டர், விளக்கை வைத்துக் கண்ணுக்குள்ளே பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு குரலை ரொம்ப மிருதுவாக்கிக்கொண்டு, கண்ணுக்குப் பின்னால நரம்பு வீங்கியிருக்குங்க, தலைக்குள்ள அழுத்தம் இருக்கு, இன்னைக்கே மதுரை போங்க என்றாள். இன்னைக்கே. குரலை மிருதுவாக்குகிறவர்களை நம்பக்கூடாது. இல்லை, அவளை மட்டும்தான் நம்பவேண்டும், அவள் ஒருத்திதான் பிள்ளையைப் பிள்ளையாகப் பார்த்தாள். புறப்படுகிற அவசரத்தில் கடைக்கு ஓடிப்போய் ஒரு பென்டிரைவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எதற்கு என்று அப்போது தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. தொழிலில் அவனுக்கு ஒரு கட்டளை உண்டு: எதை வேண்டுமானாலும் திருத்து, திருத்தாத ஒரிஜினலை மட்டும் அழிக்காதே. கோமுவின் திருத்தாத முகங்கள் அத்தனையும் இப்போது அவன் நெஞ்சுக்கு மேலே, கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்கில் இருக்கின்றன. கனக்கிறது. அதற்கு என்ன கனம், ஒரு புளியங்கொட்டை கனம்கூட இல்லை, ஆனாலும் கனக்கிறது. உள்ளே கொண்டுபோனால் காந்தம் இழுத்துக்கொள்ளுமே என்று ஒரு ஆசை வந்தது பாருங்கள். விர்ரென்று போய் ஒட்டிக்கொள்ளட்டும். அழிந்துபோகட்டும். சீ.

டாக்டர் அம்மா பேர் ஹெப்சிபா. அறுபது வயசிருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறவர். காலையில், ஸ்கேனுக்கு அனுப்புவதற்கு முன்னால், "எப்ப இருந்து தலையைச் சாய்க்குறா?" என்று கேட்டார். கேட்டது இரண்டு பேரையும்தான். ஆனால் பதில் சொன்னது இவன் வாய். "ஒரு ரெண்டு மாசமா டாக்டர்." ஏன் அப்படிச் சொன்னான்? இரண்டு மாசம் என்றால் கொஞ்சம்தான் பிந்திவிட்டோம் என்று ஆகும். "பழைய படம் ஏதாவது இருந்தா காட்டுங்க, படத்துல தெரியும்." வடிவுக்கு அந்த நேரத்திலும் ஒரு பெருமை. "படத்துக்கு என்ன கொறை டாக்டர், இவுக ஸ்டூடியோக்காரவுகதானே" என்று போனை எடுத்துக் காட்டினாள். அடையாள அட்டைப் படம். தீபாவளிப் படம். பொங்கல் படம். டாக்டர் அம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார், விரலால் பெரிசாக்கிப் பார்த்தார். "பொங்கல் வரைக்கும் துளிகூடச் சாய்வு இல்லையே." குரல் மிருதுவாயிற்று. "அப்ப இது ரொம்பச் சீக்கிரமா வந்திருக்கு." சீக்கிரமா என்றால் என்ன டாக்டர் என்று வடிவு கேட்டாள். "சில கட்டி மெதுவா வளரும், சிலது வேகமா வளரும்மா. ஸ்கேன் வரட்டும். ஸ்கேன், நீங்க சொல்றது, ரெண்டையும் வச்சுத்தான் நாங்க உக்காந்து முடிவு பண்ணுவோம்." அப்போது சொல்லியிருக்கலாம். சுவரில் மருந்து கம்பெனிக்காரன் கொடுத்த காலண்டர் இருந்தது, அதில் ஒரு குழந்தை நேராக உட்கார்ந்து சிரித்தது, அதை எடுத்தவன் எத்தனை டிகிரி திருப்பினானோ என்று பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லவில்லை. சொன்னால் வடிவு என்ன நினைப்பாள். அவளுக்கு எச்சில் கையோடு தூக்கிக் காட்டின படம் அல்லவா அது. ஆனால் சொல்லாவிட்டால், அந்த அம்மா நேரான படங்களை நம்பிக்கொண்டு, வேகம் என்று நினைத்துக்கொண்டு, பிள்ளைக்கு என்ன முடிவு எடுப்பார். செத்தவனுக்குக் கண் திறந்த கை. உயிரோடு இருக்கிறவளுக்கு. டக் டக் டக் டக்.

எதிர் வரிசையில் வடிவுக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்திருந்தாள். திண்டுக்கல்லாம், பேர் மும்தாஜ், கூட பத்து வயசுப் பையன் ரியாஸ், காதுக்குப் பின்னால் முடி முளைக்காத ஒரு கோடு. இரண்டு வருசத்துக்கு முன்னால் ஆபரேஷன் ஆனவன், வருசத்துக்கு ஒரு தடவை ஸ்கேனுக்கு வருகிறவன், போனில் கார் ஓட்டிக்கொண்டு இந்த உலகத்தில் இல்லாமல் இருந்தான். வடிவு அழுததைப் பார்த்து அந்த அம்மாள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பையைத் திறந்து பிளாஸ்கை எடுத்து மூடியில் காபி ஊற்றினாள். "முதல்ல குடிங்க தங்கச்சி. டாக்டர் சொல்றது ஒண்ணும் மண்டையில ஏறாது, ஒரு நோட்டு வாங்கி எழுதிக்கங்க. புரியலைன்னா மூணு தடவை கேளுங்க, இந்தம்மா கோவிக்காது. புள்ளை தூங்குற தலகாணி உறையைக் கொண்டாந்திருக்கீங்களா? இல்லையா? ஊர்ல இருந்து யாரையாச்சும் எடுத்தாரச் சொல்லுங்க, வீட்டு வாசம் இருந்தாத்தான் தூங்குவா." வடிவு காபியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு, "நான் அடிச்சுட்டேன்க்கா" என்றாள். "வாந்தி எடுத்ததுக்கு அடிச்சுட்டேன். நாந்தான் பாக்காம விட்டுட்டேன். பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமா?" மும்தாஜ் சிரித்தாள், சிரிப்பென்று சொல்லமுடியாத ஒன்று. "நான் எட்டு மாசம் இவனுக்குக் கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டுவிட்டேன். இவங்க அத்தா, சோம்பேறின்னு சொல்லி விடியக்காலம் மைதானத்துல ஓடவிட்டாரு. அந்தச் சுத்துல, இந்தச் சுத்துலன்னு விழுந்து விழுந்து எந்திரிச்சான். இங்க உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தரும் ஒண்ணு பண்ணிட்டுத்தான் வந்திருக்கோம். கட்டியை நாம வைக்கலை தங்கச்சி. நம்ம கண்ணுக்கு அது தெரியலை, அம்புட்டுத்தான். இனிமே தெரிஞ்சதை மறைக்காம இருந்தாப் போதும்."

தெரிஞ்சதை மறைக்காம. அந்த அம்மாள் வடிவைப் பார்த்துத்தான் சொன்னாள், இவனைப் பார்க்கக்கூட இல்லை, ஆனால் முப்பிடாதிக்கு, வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. நாந்தான் பாக்காம விட்டுட்டேன் என்கிறாளே. அவள் பார்த்தாளே! அவள் ஒருத்தி பார்த்துக் கேட்டாளே, ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாளே, இவன்தானே அவள் கண்ணைக் கழற்றிச் சுவரில் மாட்டினான். இப்போது அவள் மறந்தேபோய்விட்டாள் தான் கேட்டதை. மறக்கட்டும் என்று விட்டுவிட்டால் அவள் சாகும்வரை அந்த ஒரு அடியைத் தன் தொடையிலேயே வைத்துக்கொண்டிருப்பாள். பக்கத்துக் கிழவன் பொறுக்காமல் இவன் பக்கம் திரும்பினான். "தம்பி, கையில என்னய்யா, கொலுசா? அப்படி நசுக்காத, முத்து உதிர்ந்துரும். ஒரு சங்கதி கேளு. எங்க ஊர்ல ஒருத்தன் பொய்யை முழுங்கிட்டான். வயித்துல அது முளைச்சு, காது வழியா கொடி விட்டு, ஓட்டுக்கு மேல படர்ந்து, அதுல காய்ச்ச பீர்க்கங்காய எட்டூருக்கு வித்தாங்க. ஆனா அவனுக்கு ஒரு காய் தின்ன முடியலை, பாத்துக்கோ. கசப்பு." முப்பிடாதி அவனைத் திரும்பிப் பார்த்தான். கிழவன் கண் இடுங்கிச் சிரித்தான், ஒன்றும் தெரியாதவன் மாதிரி. தெரிந்துதான் சொன்னானோ, வாய்க்கு வந்ததைச் சொன்னானோ, அது யாருக்குத் தெரியும். சத்தம் நின்றது. இந்தத் தடவை திரும்ப வரவில்லை. மின்விசிறியின் சத்தம் திடீரென்று பெரிசாகக் கேட்டது.

கதவு திறந்து ஸ்கேன்காரத் தம்பி சக்கர நாற்காலியில் கோமுவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "ஏ யப்பா, என்ன புள்ளைங்க இது! பெரிய ஆளுங்கல்லாம் ரெண்டு நிமிசத்துல கத்துவாங்க. இவ இமையைக்கூட அசைக்கலை." "எங்கப்பா போட்டோக்காரரு" என்றாள் கோமு, அவனுக்கு இது தெரியாதா என்கிற மாதிரி. "போட்டோ எடுக்கையில ஆடக்கூடாது." பிறகு கிழவனைப் பார்த்து, "தாத்தா, ஒம் பல்லு அங்க இல்ல. யாரோ எடுத்துட்டுப் போயிட்டாவ." முப்பிடாதி குனிந்து கொலுசை மாட்டினான். திருகாணி விரலுக்கு அகப்படவில்லை. அவள் மேலேயிருந்து அவன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டு, "அழுதியாப்பா?" என்றாள். இல்லட்டி. "நல்லா வந்திருக்காப்பா படம்?" பாப்போம் தாயி. இந்தப் படத்த நான் தொட மாட்டேன். அவளுக்கு அது புரிந்ததோ என்னவோ, "சரி" என்றாள்.

அரை மணி நேரம் கழித்து டாக்டர் ஹெப்சிபா கூப்பிட்டார். கோமு வெளியே ரியாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டினாள். வெளிச்சப் பெட்டியில் படம் இல்லை, கம்ப்யூட்டரில்தான் இருந்தது, கறுப்பும் சாம்பலுமாக, பாதி வெட்டின வால்நட் மாதிரி. பின்பக்கம் சிறுமூளையில் ஒரு வெள்ளை வட்டம். இவ்வளவுதானா, எலுமிச்சங்காய் அளவு. இருபது வருசம் படம் பார்த்த கண் அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டது. திருத்த வேண்டிய இடம். கை தானாக மேஜை மேல் மௌஸைத் தேடியது. தேடின கையைத் திருப்பிச் சட்டைப்பைக்குள் விட்டான். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னால், "டாக்டர், காலைல காட்டின படம் அம்புட்டும் பொய்" என்றான். வடிவு திரும்பினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, பார்த்தால் நின்றுபோகும். "நான் நேராக்கின படம். ஜூன்ல நாலு டிகிரி. தீபாவளிக்கு ஏழு. பொங்கலுக்குப் பதினொண்ணு. நாந்தான் திருப்புனேன். தீபாவளிக்கே இவ எங்கிட்ட கேட்டா டாக்டர், பிள்ளை தலையச் சாய்க்காளேன்னு கேட்டா, நான் அந்தப் படத்தத் தூக்கிக் காட்டி இவ வாய அடைச்சேன். இவ பாத்தா. நாந்தான். ஒரிஜினல் இதுல இருக்கு."

டாக்டர் அம்மா பென்டிரைவை வாங்கிச் செருகினார். மூன்று முகங்கள் வரிசையாகத் திறந்தன. சாய்ந்த கோமு, மலைக்கும் அருவிக்கும் முன்னால் இன்னும் சாய்ந்த கோமு, தோளைத் தொடப்போகிற மாதிரி சாய்ந்த கோமு. மூன்றிலும் அதே சிரிப்பு. பக்கத்துத் திரையில் வெள்ளை வட்டம். அவர் அதையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஒன்பது மாசம்" என்றார். இப்போது குரலில் மிருது இல்லை. கடைக்காரன் குரல், வேலையைப் பார்க்கிற ஆள் குரல், அதைக் கேட்டு முப்பிடாதிக்கு மூச்சு வந்தது. "இங்க பாருங்க. ஸ்கேன்ல ஓரம் தெளிவா இருக்கு, உள்ள தண்ணி கோத்த மாதிரி இருக்கு. மெதுவா வளர்றதுதானோன்னு எனக்குச் சந்தேகம். ஆனா உங்க படம் ரெண்டே மாசம்னு சொல்லுச்சு, அது ஒத்துவரலை. இப்ப ஒத்துவருது. உறுதியா சொல்ல மாட்டேன், எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். ஆபரேஷன் பெரிசுதான். ஆனா நான் காலைல பயந்த மாதிரி இப்ப பயப்படலை." வடிவு கையிலிருந்த புது நோட்டில் எதையோ எழுதினாள். மெதுவா என்று எழுதினாள். அதையே மூன்று தடவை எழுதினாள். பிறகு பேனாவை மூடிவிட்டு, அவனைப் பார்க்காமலே, "அப்ப நான் கிறுக்கு இல்ல" என்றாள். இல்ல வடிவு. "என்னக் கிறுக்கியாக்கிட்டு ரசத்த ஊத்திக் குடிச்சியளே." ஆமா. மன்னித்தாள் என்று சொன்னால் என் பல் போகும்; அவள் அன்றைக்கு மன்னிக்கவில்லை. "வீட்டுச் சுவத்துல ஒரு நேரான படம் இருக்கக்கூடாது" என்றாள். "இந்த மூணையும் மாட்டணும். கடையிலயும்." அவ்வளவுதான். எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

அதற்கு அப்புறம் நடந்ததை நீங்களே போய்ப் பார்க்கலாம். ரத வீதியில் அந்தக் கடைக்கு வெளியே, மாப்பிள்ளைகளும் மாலை போட்ட பெரிசுகளும் இருக்கவேண்டிய கண்ணாடிப் பெட்டியில், தலை சாய்ந்த ஒரே பிள்ளையின் மூன்று படம் மாட்டியிருக்கிறான். யாரப்பா இது, இதை நேராக்கக்கூடாதா என்று எவனாவது கேட்டால் போச்சு, படம் எடுக்க வந்தவனை உட்காரவைத்து, காலையில் வாந்தி, சமதரையில் தடுமாறுவது, இரண்டாகத் தெரிவது, தலை ஒரு பக்கமே சாய்வது என்று கடைசிவரை சொல்லி முடித்தால்தான் விடுவான். பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையாவது வரிசையில் சாய்ந்து உட்கார்ந்தால் திருத்தமாட்டான். டீச்சரம்மாவிடம் பேரை எழுதிக் கொடுத்து, வீட்டில் சொல்லி டாக்டரிடம் காட்டச் சொல்லுவான். ஏழு பேரை அனுப்பினதில் ஐந்து பேருக்கு வெறும் கழுத்துப் பிடிப்பு, ஒருத்திக்கு மாறுகண், அத்தனை அப்பன்மாரும் வந்து வைதார்கள். ஏழாவது பிள்ளையின் அப்பன் வையவில்லை. அவனோடு இவனும் பஸ் ஏறி மதுரைக்குப் போனான், வடிவு பிளாஸ்கில் காபி போட்டுக் கொடுத்தாள், தலகாணி உறையை மறந்துராதீங்க என்று இரண்டு தடவை சொன்னாள். கோமுவா? காதுக்குப் பின்னால் ஒரு கோடு இருக்கிறது, ரிப்பன் கட்டினால் தெரியாது, அவள்தான் எல்லாருக்கும் ரிப்பனைத் தூக்கிக் காட்டுகிறாள். இந்த ஜூன் மாசம் மூன்றாம் வகுப்பு அடையாள அட்டைக்கு வந்து உட்கார்ந்தாள். நேராத்தானப்பா வச்சிருக்கேன் என்றாள். இரண்டு டிகிரி சாய்ந்திருந்தது. அவன் நன்றாகப் பார்த்தான், எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டான், அடுத்த தடவை டாக்டர் அம்மாவிடம் காட்ட. படத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பினான்.

எண்ணிக்கொள்ளுங்கள், நாலு பல்லும் இருக்கிறது. ஒன்று ஆடுகிறது, அது வயசால், வேறொன்றாலும் இல்லை. கதையை வேண்டிய மட்டும் சொல்லுங்கள், பிள்ளை வைத்திருக்கிற ஒருத்தரையும் விடாதீர்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சுவிட வேண்டாம். மிஷின் பல்லைப் பிடுங்கிக்கொண்டது என்று அந்தப் பிள்ளையிடம் அடித்துவிட்டிருக்கிறேன், அவள் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.